ஏழு பாடுகளை ஏழு துன்பங்கள் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்
கோ. மண்ணாங்கட்டி (வயது 74),
த/பெ. கோவிந்தன்,
பழைய முகத்துவாரக் குப்பம்,
ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை – 600 028.

பெறுநர்
திரு. வெங்கடரமணன் அவர்கள்,
தனி அலுவலர் (கரையோர எல்லை வழக்கு),
மாநில அரசு வழக்குப் பிரிவு,
சென்னை – 600 009.

பொருள்: ஒன்றியக் கரையோர எல்லை ஆணையரை எதிர்த்து நம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்துள்ள வழக்கு – பதினான்காம் சாட்சியான எனது வாக்குமூலத்தில் ‘பாடு’ என்ற சொல் ‘துன்பம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ளது – 26.02.2026 அன்று வரும் விசாரணைக்கு முன் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது வாக்குமூலம், நாள் 11.06.2024.
2. ஆணையரின் பதில் மனுவின் தமிழ்ப் பிரதி, பத்தி 31 முதல் 34 வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட குப்பத்தில் பிறந்தவன். கரையில் நின்று பெரிய வலை இழுத்துப் பிழைத்தவன். இந்த மனுவை நானே எழுதுகிறேன். எழுதப் படிக்கக் கற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. எழுத்து பெரிது பெரிதாக இருப்பதால் தாள் அதிகமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. வழக்கு என்னவென்று தங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்பதைத் தாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். டில்லியில் உள்ள ஆணையர் நம் கரைக்கு ஒரு புதிய வரைபடம் வெளியிட்டார். அதில் அடையாறு முகத்துவாரத்திலிருந்து வடக்கே எங்கள் குப்பத்துக்கு முன்னால் உள்ள மணல் முழுவதும் ‘பயன்பாடு இல்லாத கரை’ என்று வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. மாநிலத்தைக் கேட்காமல் வரைந்த படம் செல்லாது என்று நம் அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. படம் செல்லும் என்று தீர்ப்பானால், கடலிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே எங்களுக்கு அடுக்கு வீடு தருவார்கள். மூன்றாவது மாடியில் வலையை எங்கே காயப்போடுவது என்று யாரும் சொல்லவில்லை.

3. ஓர் அரசே ஓர் அதிகாரியின் மேல் வழக்குப் போடலாம் என்பது எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது. வழக்கு என்றால் எங்களைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கவைப்பது என்றே நினைத்திருந்தேன். நம் அரசு கொடுத்த மனுவின் தமிழ்ப் பிரதியைப் படித்தேன். அதன் கடைசியில் ‘பணிவுடன் வேண்டுகிறோம்’ என்று இருந்தது. அவ்வளவு பெரிய அரசும் எங்கள் மணலுக்காகப் பணிவுடன் வேண்டியிருக்கிறது. அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

4. 11.06.2024 அன்று அதிகாரிகள் எங்கள் வலைக்கூடத்துக்கு வந்து வாக்குமூலம் எழுதினார்கள். ஸ்வர்ணலதா என்ற அம்மையார் எழுதினார். நான் சொன்னது இதுதான். சொன்ன சொல்லிலேயே வழக்கு நிற்பதால், பேசியபடியே எழுதுகிறேன். “எங்களுக்கு இங்க ஏழு பாடு கீது சார். எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து வந்தது. மொற வச்சி ஒவ்வொரு வலையும் ஒவ்வொரு பாட்டுல போடுவோம். இந்தப் பாட்ட வுட்டா எங்களுக்கு வேற பாடு இல்ல.” பிறகு ஏழு பாட்டின் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மையார் தமிழில் ஒரு சொல் மாறாமல் எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். சரி என்று கைநாட்டு வைத்தேன். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

5. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. சென்ற ஆண்டு மார்ச் மாதம் எங்கள் சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு தொடங்கினார்கள். சகினா டீச்சர் சொல்லிக் கொடுத்தார். முதலில் சிறிய பெயராக எழுதிப் பழகலாம் என்றார். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், நானாவது தங்க வேண்டும் என்று என் அம்மா இந்தப் பெயரை வைத்தாள். அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது? மூன்று வாரம் ஆயிற்று. சுழி எல்லாம் வந்துவிட்டது. ழ எழுத்தை எழுதவும் கற்றுக்கொண்டேன். சொல்லத்தான் இன்னும் வரவில்லை. எழுதும்போது மழை, படிக்கும்போது மய.

6. அதன் பிறகு கண்ணில் பட்டதை எல்லாம் படித்தேன். ஒரு நாள் பஸ் ஏறித் தியாகராய நகர் போய், பனகல் பூங்காவில் இறங்கி, ரயில் நிலையம் வரை இரண்டு பக்கமும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றும் வாங்கவில்லை. ஐம்பது வருடமாக ‘யானை போட்ட கடை’ என்று நாங்கள் சொல்லிவந்த கடைக்கு வேறு பெயர் இருக்கிறது. இதை மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் தவறு அகப்பட்டது என்பதால் எழுதினேன்.

7. சென்ற மாதம் ஆணையரின் பதில் மனு தமிழில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வந்தது. சங்கத் தலைவர் பாரத், கல்லூரி வரை படித்தவர். புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் எப்பவும் எயுதுறதுதான் நைனா, நம்ப வக்கீலு பாத்துப்பாரு” என்று அலமாரியில் வைத்தார். நான் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன். நாற்பத்தொரு பக்கம். நாளைக்கு நான்கு பக்கம் வீதம் படித்தேன். எட்டாம் நாள் பத்தி 32 வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அச்சில் என் பெயரை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் அடுத்த வரிக்குப் போகவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

8. அந்தப் பத்தியை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

“மனுதாரர் தரப்புப் பதினான்காம் சாட்சி மண்ணாங்கட்டி என்பவரே, மேற்படி இடத்தில் தம் மக்களுக்கு ஏழு துன்பங்கள் உள்ளன என்றும், அவை தந்தை, பாட்டன் வழியாகத் தமக்கு வந்தவை என்றும், ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து அத்துன்பங்களை அனுபவித்து வருகிறது என்றும், இத்துன்பத்தை விட்டுவிட்டால் தங்களுக்கு வேறு துன்பம் இல்லை என்றும் உறுதியாகக் கூறியுள்ளார். ஆகவே இம்மக்களை அவ்விடத்திலிருந்து அகற்றுவது அவர்களே வேண்டும் நன்மை என்பது தெளிவாகிறது.”

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை.

9. பாடு என்பது இடம். கடலில் பெரிய வலை வளைக்கும் இடத்துக்கு எங்கள் ஊரில் பாடு என்று பெயர். எல்லா இடத்திலும் பெரிய வலை போட முடியாது. அடியில் கல் இருந்தால் வலை கிழியும், பள்ளம் இருந்தால் மீன் அடியில் நழுவிப் போய்விடும். மணல் சமமாக இருந்து, நீரோட்டமும் சரியாக இருக்கும் இடம்தான் பாடு. முகத்துவாரத்திலிருந்து வடக்கே எங்களுக்கு ஏழு பாடு. ஊரில் ஒன்பது வலை. இன்று ஒரு வலை ஒரு பாட்டில் போட்டால் நாளை அடுத்த பாட்டுக்கு நகர வேண்டும். ஏழு பாட்டுக்கு ஒன்பது வலை என்பதால் தினமும் இரண்டு வலை சும்மா இருக்கும். அதற்கும் முறை உண்டு. நல்ல பாடு ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு. இதற்காகக் குப்பத்தில் அடிதடி நடந்து நான் பார்த்ததில்லை.

10. ஆண்டு தொடக்கத்தில் யார் எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது என்று சீட்டுப் போடுவோம். எழுத்து தெரியாத ஊரில் சீட்டு எப்படி என்று தாங்கள் கேட்கலாம். ஒவ்வொரு வலைக்கும் ஒரு பொருள். எங்கள் வலைக்கு உடைந்த சங்கு. என் நண்பர் செபஸ்தியான் வலைக்கு அவருடைய பாட்டியின் ஜெபமாலையிலிருந்து விழுந்த ஒரு மணி. இன்னொரு வலைக்குப் புளியங்கொட்டை. எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். என் சிறு வயதில் சட்டிக்குள் கை போகும்போது ஊரே மூச்சு விடாது. சங்கு முதலில் வந்த வருடம் என் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஈர மணலில் ஓடியது நினைவில் இருக்கிறது. பத்தி 34-இல் ஆணையர் ‘எழுத்து ஆதாரம் எதுவும் இல்லை’ என்கிறார். அது உண்மைதான். சங்குதான் ஆதாரமாக இருந்தது.

11. பாட்டுக்குப் பெயர் உண்டு. முகத்துவாரப் பாடு, பனைப் பாடு, கல்லடிப் பாடு, ஆலமரப் பாடு, ஓடைப் பாடு, சிலுவைப் பாடு, கல்யாணப் பாடு. கடலில் இருந்துகொண்டு கரையைப் பார்த்து இடம் பிடிப்போம். ஆலமரப் பாடு என்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆலமரத் தோப்பின் தலைக்கு மேல் பரங்கிமலை சரியாக உட்கார வேண்டும். ஒரு முழம் விலகினாலும் இடம் தவறிவிடும். இப்போது கட்டடங்கள் வந்து மலை தெரிவதில்லை. அதனால் பாடு போய்விடவில்லை. கிண்டிப் பக்கம் தெரியும் நீலக் கண்ணாடிக் கட்டடத்தை மலையின் இடத்தில் வைத்துக்கொண்டோம். கட்டியவர்களுக்கு அது தெரியாது. ஆனாலும் காலை வெயில் அந்த மலையின் மேல் சிவப்பாக விழும்போது வலை வளைத்த நாட்களை நான் மறக்கவில்லை. சிலுவைப் பாடு என்றால், சாந்தோம் கோயில் கோபுரத்தின் சிலுவை மட்டும் பனை உச்சிக்கு மேல் தெரிய வேண்டும். அந்தப் பனைகளில் ஒன்று இன்னும் நிற்கிறது.

12. ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கு வந்த என் வாக்குமூலம் முழுவதும் பதில் மனுவோடு இணைக்கப்பட்டுள்ளது. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு இடத்தில் துன்பம் என்று இருக்கிறது. ‘முகத்துவாரத்தின் துன்பம்’, ‘கல்லடித் துன்பம்’, ‘சிலுவையின் துன்பம்’ என்று வரிசையாகப் போகிறது. ஓர் இடத்தில் மட்டும் ‘பாட்டுல’ என்பதைப் பாட்டில் என்று படித்து, புட்டி என்று எடுத்துக்கொண்டு, நாங்கள் வலையைப் புட்டிக்குள் போடுவதாக எழுதியிருக்கிறது. அதை ஆணையர் எடுத்துக்காட்டவில்லை. அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

13. இது எப்படி நேர்ந்தது என்று செபஸ்தியானைக் கேட்டேன். அவர் பதினைந்தாம் சாட்சி. அன்று அவர், ‘மண்ணாங்கட்டி சொன்னதுதான் நான் சொல்றதும்’ என்று ஒரே வரியில் முடித்துக் கைநாட்டு வைத்தவர். அதனால் அவரும் இதில் மாட்டிக்கொண்டார். அவர் சொன்னார்: “எங்க கோயில்ல பாடுன்னா ஆண்டவரு சிலுவையில பட்ட பாடுதான். பெரிய வெள்ளிக்கிழம முச்சூடும் அதான் வாசிப்பாங்க. இங்கிலீஷ்ல மாத்துனவரு சிலுவைப் பாடுன்னு பாத்ததும் கையெடுத்துக் கும்புட்டுட்டு எயுதிட்டாரு போலகீது.” எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேண்டும் என்று செய்த தவறல்ல. படித்தவர் அறிந்த பாடு ஒன்று, நாங்கள் அறிந்த பாடு ஒன்று.

14. ஆனால் ஊரில் நான் தலை காட்ட முடியவில்லை. மீன் விற்கும் டயானா, செபஸ்தியானின் மருமகள், என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஏயு துன்பம் கணக்கு சொல்லிட்ட மாமா, இன்னும் ஒரு அர சேத்துச் சொல்லியிருந்தா ஏயரன்னு டில்லிக்காரன் அப்பவே பயந்து வுட்டிருப்பான்” என்கிறாள். சிறுசுகள் கரையில் என்னைக் கண்டால் ஏழரை வருது, வழி விடு என்கிறார்கள். அது போகட்டும்.

15. பெரிய சிக்கல் என் மனைவி முத்தம்மாவிடம். அவள் மந்தைவெளியில் நாற்பது ஆண்டுக்கு மேல் மீன் விற்றவள். ஏழாவதாக நான் சொன்னது கல்யாணப் பாடு. அது ‘திருமணத் துன்பம்’ என்று வந்திருக்கிறது. கேள்விப்பட்டதும் அவள் கேட்டது: “இன்னாயா, அம்பத்திரண்டு வருசம் எங்கூடக் குடித்தனம் பண்ணிட்டு, கல்யாணத் துன்பம்னு டில்லி கோர்ட்டு வரைக்கும் ஆள் வுட்டுச் சொல்லிக்கினு கீறியா?” நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “அப்ப நீதான் தப்பாப் படிச்சிருப்ப. நேத்து அ, ஆ கத்துக்கின ஆளுதானே” என்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பப் படித்துக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்போ இத்த வச்சே நம்பளத் தூக்கிடுவானுங்களா?” என்று கேட்டாள். இந்த மனுவை எழுத உட்கார்ந்தது அதன் பிறகுதான்.

16. கல்யாணப் பாட்டுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு நானும் ஒரு காரணம். ஆகவே அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். 1974 தை மாதம். எங்கள் குப்பத்தில் மூன்று கல்யாணம் ஒரே வாரத்தில் குறித்திருந்தது. அதில் ஒன்று என்னுடையது. பெண் ஆற்றுக்குத் தெற்கே உள்ள குப்பம். அப்போது முகத்துவாரத்துப் பாலம் உடையாமல் இருந்தது. அதன் மேல் நடந்தே இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆனால் மார்கழி முழுவதும் கடலில் ஒன்றும் கிடைக்கவில்லை. வலை போடுவதும், நுரையையும் பாசியையும் உதறுவதுமாக இருந்தது. கல்யாணங்களைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கலாம் என்று பேச, பெண் வீட்டார் ஒரு காலையில் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள்.

17. அன்று எங்கள் வலைக்கு வடக்கே கடைசிப் பாடு. அப்போது அதற்குக் கடைசிப் பாடு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. வலையை வளைத்துவிட்டு இரண்டு கயிறும் கரைக்கு வந்தாயிற்று. இழுக்கிறோம், வரவில்லை. கல்லில் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தோம். அப்போது வலைக்குள் தண்ணீர் வெள்ளியாகத் துள்ளியது. மடவை மீன். அத்தனை மடவையை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆள் போதவில்லை. கல்யாணத்தைத் தள்ளிவைக்க வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் விழுந்தார்கள். நான் தெற்குக் கயிறு. என் மாமனார் எதிரே வடக்குக் கயிறு. அவர்களோடு வந்திருந்த முத்தம்மாவும், நான் பார்ப்பதைப் பார்க்காததுபோல, வடக்குக் கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்தாள். வலை கரை ஏறியபோது தள்ளிவைக்கும் பேச்சே யாருக்கும் நினைவில் இல்லை. மூன்று கல்யாணமும் குறித்த நாளில் நடந்தன. பாலத்தின் மேல் பெண்ணை அழைத்து வந்தோம். அன்றிலிருந்து அது கல்யாணப் பாடு. சில ஆண்டில் பாலம் உடைந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போக இப்போது அடையாறு சுற்றித்தான் போக வேண்டும். பாடு அங்கேயே இருக்கிறது.

18. துன்பமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். நீதிமன்றத்தில் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. படாத பாடு பட்டோம் என்று நாங்களும் பேசுகிறோம். சுனாமியில் எங்கள் வீடும் வலையும் போயின. 1985 ஐப்பசியில் என் தம்பி மாசிலாமணி முகத்துவாரப் பாட்டில் அலையில் போனான். மூன்றாம் நாள் கிடைத்தான். ஒன்பது நாள் கழித்து அதே பாடு எங்கள் முறைக்கு வந்தது. வேண்டாம், மாற்றித் தருகிறோம் என்று ஊரார் சொன்னார்கள். என் அப்பா வேண்டியதில்லை என்றார். போய் வலை போட்டோம். அன்று கிடைத்த மீனில் ஒன்றையும் விற்கவில்லை, வீட்டுக்கு வீடு கொடுத்தோம். அந்த இடத்துக்குத் துன்பம் என்று பெயர் வைக்க எங்களைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. நாங்கள் வைக்கவில்லை. இன்றும் அது முகத்துவாரப் பாடுதான்.

19. ‘பயன்பாடு இல்லாத கரை’ என்று ஆணையர் எழுதியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படித்தபோது அந்தச் சொல்லுக்கு உள்ளேயும் ஒரு பாடு இருப்பதைப் பார்த்தேன். டீச்சரிடம் காட்டினேன். அது வேறு பாடு என்றார். எனக்கு அது எங்கள் பாடு என்றே படுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

20. பதினெட்டுச் சாட்சிகளில் பாடுகளின் பெயரைச் சொன்னவன் நான் ஒருவன்தான். செபஸ்தியானைத் தவிர என் வயதில் இருந்த மற்றவர்கள் இப்போது இல்லை. என் சொல் துன்பம் என்று நின்றுவிட்டால், நம் அரசின் சாட்சியே நம் அரசுக்கு எதிராகச் சொன்னதாக ஆகிவிடும். நாங்கள் கரையைக் கேட்டு வழக்குக்கு உதவியவர்கள். கரையிலிருந்து எங்களை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களாக ஆகிவிடுவோம்.

21. எனவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) என் வாக்குமூலத்தின் தமிழ் மூலத்தை உச்ச நீதிமன்றத்தில் வைத்து, பதினேழு இடங்களிலும் துன்பம் என்பதை எடுத்துவிட வேண்டும். பாடு என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை என்றால், பாடு என்றே ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். கீழே ஒரு குறிப்புப் போட்டு, அது இடத்தின் பெயர் என்று சொல்லிவிடலாம். புட்டியையும் தயவுசெய்து எடுத்துவிட வேண்டும்.

(ஆ) ஏழு பாடும் எங்கே இருக்கின்றன, கரையில் எதை எதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று படம் வரைந்து பெயர் எழுதி இணைத்திருக்கிறேன். எழுத்து ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள். இதுதான் முதல் எழுத்து. இதை வழக்கில் சேர்க்க வேண்டும்.

(இ) தேவைப்பட்டால் டில்லிக்கு வந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் தயாராக இருக்கிறேன். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் வழியில் உள்ள ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வருவேன். வடக்கே போகப் போகத் தமிழ் இருக்காது என்று டீச்சர் சொன்னார். பரவாயில்லை.

22. மொழிபெயர்த்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தண்டனை எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வரும் 19.02.2026 வியாழக்கிழமை எங்கள் வலைக்குக் கல்யாணப் பாடு. காலை ஐந்தரைக்கு வளைப்போம். எட்டு மணிக்குள் கரை ஏற்றிவிடுவோம். அவரை அனுப்பிவையுங்கள், தங்களுக்கும் நேரம் இருந்தால் வாருங்கள். வடக்குக் கயிற்றில் ஆள் குறைவாக இருக்கிறது. அவர் ஒரு கை பிடிக்கட்டும். மீன் வந்தாலும் வராவிட்டாலும், கயிறு கைக்குள் ஓடிய பிறகு அந்தச் சொல்லை அவர் எப்படி எழுதுகிறாரோ, அதன் கீழே நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் பதிலை நானே பிரித்து, நானே படித்துக்கொள்வேன் என்ற மகிழ்ச்சியுடன்,

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) கோ. மண்ணாங்கட்டி

இடம்: ராஜா அண்ணாமலைபுரம், சென்னை
நாள்: 04.02.2026

இணைப்பு:
1. ஏழு பாடுகளின் படம், பெயர்களுடன் – ஒரு தாள்.
2. பதில் மனுவில் ‘துன்பம்’ வரும் பதினேழு இடங்களின் பக்க எண் – ஒரு தாள்.
3. இந்த மனுவை முழுவதும் படிக்கக் கேட்டு, சரி என்று கூறிய மு. செபஸ்தியான், திருமதி முத்தம்மா ஆகியோரின் பெருவிரல் ரேகை. (22-ஆம் பத்தியில் வடக்குக் கயிற்றின் வாலில் தானும் நிற்பதாக எழுதச் சொன்னார் முத்தம்மா. இடம் இல்லாததால் இங்கே எழுதியுள்ளேன்.)